நேற்றைய வெயிலுக்கு என்ன நிறம்? பிள்ளைகளோடு ஒரு வருட வானிலைக் கயிறு கட்டும் முறை

முதல் தடவை நாங்கள் இதைக் கெடுத்துக்கொண்டது ஒரு வண்ண அட்டவணையால். குளிர் நாடுகளில் கம்பளி பின்னுகிறவர்கள் தினமும் ஒரு வரிசை, அன்றைய வெப்பநிலைக்குத் தகுந்த நிறத்தில் பின்னி, வருடம் முடிந்ததும் ஒரு முழுப் போர்வையாக விரிப்பார்கள். இணையத்தில் அதைப் பார்த்த என் பெண், அப்போது அவளுக்கு ஆறு வயது, நாமும் செய்யலாம் என்று ஒற்றைக் காலில் நின்றாள். சரி என்று அங்கே கிடைத்த அட்டவணையையே எடுத்துக்கொண்டேன். பனி கொட்டும் நாளில் தொடங்கி 40 டிகிரி வரை, ஐந்தைந்து டிகிரிக்கு ஒரு நிறம். மூன்று மாதம் ஆயிற்று. கயிறு முழுக்க ஆரஞ்சு, நடுவில் கொஞ்சம் சிவப்பு. "அப்பா, இது போர் அடிக்குது" என்று அவள் சொன்னதில் தப்பே இல்லை.

சென்னையில் பகல் வெப்பநிலை பெரும்பாலும் 26-க்கும் 41-க்கும் நடுவிலேயே ஓடி முடிந்துவிடும். குளிர் நாட்டு அட்டவணையில் அது மூன்று நிறத்துக்குள் அடங்கிவிடுகிறது, பாதி நிறங்கள் பிரிக்காமலே கிடக்கும். இங்கே எப்போதும் வெயில்தானே என்று நாம் சொல்லிக்கொள்வதும் அதே கோளாறுதான். அளவுகோலை நம் ஊருக்குத் தகுந்தபடி வெட்டிக்கொண்டால் போதும், அதே வெயிலில் எட்டு நிறம் கிடைக்கும். இரண்டாம் வருடம் அப்படித்தான் செய்தோம். செய்த விதத்தை ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

என்ன செய்யப் போகிறோம்

ஒரு மூங்கில் கழி. அதிலிருந்து தொங்கும் பன்னிரண்டு கயிறுகள், மாதத்துக்கு ஒன்று. ஒவ்வொரு கயிற்றிலும் நாளுக்கு ஒரு துணி நாடா. அன்றைய அதிகபட்ச வெப்பநிலைதான் நாடாவின் நிறம். மழை பெய்திருந்தால் கூடவே வெள்ளி நிற ரிப்பன். வருடம் முடியும்போது சுவரில் ஒரு வண்ணத் திரை தொங்கும், அதில் எந்த நாளையும் விரல் வைத்துக் காட்டலாம்.

பின்னல் வேண்டாம் என்று முடிவு செய்ததற்குக் காரணம் எளிது: எனக்குத் தெரியாது, ஆறு வயதுக் குழந்தைக்கும் வராது. காகிதச் சங்கிலி செய்து பார்த்தோம், அது ஐப்பசி ஈரத்தில் நமுத்துத் தொங்கிவிட்டது. துணிதான் நின்றது. அதோடு நம் ஊரில் நிறத்துணிக்குப் பஞ்சமா? எந்த மேட்சிங் சென்டருக்குப் போனாலும் ஒரு சுவர் முழுக்க நிறம்தான். தெரிந்த தையல்காரர் இருந்தால் வெட்டுத்துணி சும்மாவே கிடைக்கும். ஆனால் ஒரே நிறம் வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்க வேண்டும், அதனால் நடுவில் வரும் நிறங்களையாவது கடையில் வாங்கிவிடுங்கள்.

எந்த மாதம், எப்போது தொடங்குவது

எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம். நாங்கள் சித்திரை 1-இல் தொடங்கினோம், ஏப்ரல் 14. தமிழ் மாதக் கணக்கில் கட்டுவதைத்தான் நான் பரிந்துரைப்பேன். நம் வானிலைப் பழமொழி எல்லாமே ஆடி, ஐப்பசி, மாசி என்றுதான் இருக்கிறது, அவற்றைப் பிள்ளைகள் சோதித்துப் பார்க்க இது வசதி. 29 நாள் மாதமும் உண்டு, 32 நாள் மாதமும் உண்டு என்பதைக் கயிற்றை எண்ணித் தெரிந்துகொள்வது தனி வேடிக்கை. தினசரிக் காலண்டர் வீட்டில் இருந்தால் இரண்டு தேதியும் அதிலேயே இருக்கும். அந்தக் காலண்டருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

எந்த எண்ணை எடுப்பது

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். போனில் தெரியும் வெப்பநிலையை எடுக்காதீர்கள். அது பெரும்பாலும் கணினி போட்ட மதிப்பீடு, நேரத்துக்கு நேரம் மாறும், "உணரும் வெப்பம்" என்று இன்னோர் எண்ணையும் பக்கத்தில் வைத்துக் குழப்பும். நமக்கு வேண்டியது நேற்றைய அதிகபட்ச வெப்பநிலை, ஒரே இடத்தில் அளந்தது. சென்னையில் இந்திய வானிலை ஆய்வுத் துறைக்கு நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு இடங்களில் கணக்கு உண்டு, நாளிதழிலும் வரும், துறையின் இணையதளத்திலும் இருக்கும். ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு வருடம் முழுக்க அதையே வையுங்கள். கடலை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்தில் கோடைப் பகலில் பல நாள் ஒரு பிடி கூடுதலாகவே இருக்கும், மாற்றி மாற்றி எடுத்தால் கயிறு பொய் சொல்லும். எங்கள் வீடு வேளச்சேரி, அதனால் மீனம்பாக்கம்.

சொந்தமாக அளக்க ஆசைப்பட்டால், அதிகபட்சத்தையும் குறைந்தபட்சத்தையும் நினைவில் வைத்திருக்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று வாங்கலாம். வைக்கும் இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. வானிலை நிலையங்களில் வெப்பமானியை வெள்ளை அடித்த மரப்பெட்டிக்குள், தரையிலிருந்து நாலு அடிக்கும் மேலே வைத்திருப்பார்கள். பெட்டியின் பக்கங்கள் ஜன்னல் பலகை மாதிரி சாய்ந்த சட்டங்கள், காற்று போகும், வெயில் நேராகப் படாது. அளப்பது காற்றின் சூட்டைத்தான், வெயிலின் சூட்டை அல்ல. நான் என்ன செய்தேன் தெரியுமா? பால்கனியில் நிழல் இருக்கிறதே என்று மாட்டிவிட்டேன். 47 காட்டியது. பையன் பள்ளியில் போய்ச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான் பார்த்தேன், மூன்றடி தள்ளி ஏசியின் வெளிப்பெட்டி அனலை அதன் மேலேயே ஊதிக்கொண்டிருந்தது.

நிறங்களைப் பிரிப்பது

சென்னைக்கு நாங்கள் வைத்துக்கொண்ட அளவு இது. எல்லாம் டிகிரி செல்சியஸ்.

28-க்குக் கீழே: எம்.எஸ். நீலம்
28 முதல் 29.9: மயில் கழுத்து
30 முதல் 31.9: கிளிப்பச்சை
32 முதல் 33.9: எலுமிச்சை மஞ்சள்
34 முதல் 35.9: மாம்பழ மஞ்சள்
36 முதல் 37.7: ஆரஞ்சு
37.8 முதல் 39.9: மிளகாய்ப்பழச் சிவப்பு
40-உம் அதற்கு மேலும்: அரக்கு

நிறத்துக்குப் புடவைக்கடைப் பெயர் வைத்தது வேண்டுமென்றேதான். "இளநீலம், கருநீலம்" என்று சொன்னால் குழந்தைக்கு மறந்துவிடும், பாட்டியின் பீரோவில் இருக்கும் அரக்குப் புடவை மறக்காது. எம்.எஸ். யார் என்று ஒரு கேள்வி வரும், அன்றைக்குச் சாயங்காலம் சுப்புலட்சுமி பாட்டு ஒன்று போடுங்கள்.

அதென்ன 37.8 என்று கேட்பீர்கள். அது 100 டிகிரி பாரன்ஹீட். நம் நாளிதழ்கள் கோடையில் "வெயில் சதம் அடித்தது" என்று எழுதுவது இதைத்தான். சதம் அடித்த நாளில் சிவப்பு என்று வைத்துவிட்டால் கிரிக்கெட் பார்க்கிற பிள்ளைக்குச் சொல்லியே தர வேண்டாம். பெரிய பிள்ளைகள் கணக்கும் போடலாம்: செல்சியஸை 9-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுத்து, 32 கூட்டு.

மற்ற ஊர்க்காரர்கள் இதை அப்படியே எடுக்க வேண்டாம், எடுத்தால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும். ஊட்டியில் 25-ஐத் தாண்டினாலே சூடு, அங்கே 12-க்குக் கீழே என்று தொடங்கி இரண்டிரண்டு டிகிரியாக ஏறினால் சரியாக இருக்கும். வேலூர், கரூர், மதுரைக்காரர்கள் மேல்பக்கம் 42-க்கு ஒரு நிறம் சேர்த்துக்கொள்ளுங்கள். செய்யும் முறை ஒன்றுதான்: உங்கள் ஊரில் குளிர்ந்த மாதம், சூடான மாதம் இரண்டின் பகல் வெப்பநிலையைப் பாருங்கள், இரு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு, நடுவில் இருப்பதை எட்டாகப் பிரியுங்கள்.

துணி வாங்குவது, கிழிப்பது

டூ பை டூ ரவிக்கைத் துணி அல்லது பருத்தி லைனிங் துணி. வழவழப்பான சில்க் ரகம் முடிச்சில் நிற்காது, வேண்டாம். ஒரு நாடா 15 செ.மீ. நீளம், 2.5 செ.மீ. அகலம். 90 செ.மீ. அகலத் துணியில் 30 செ.மீ. வாங்கினால் 72 நாடா வரும். நடுவில் இருக்கும் இரண்டு மஞ்சளையும் மட்டும் 45 செ.மீ. வாங்குங்கள், 108 நாடா கிடைக்கும். மாம்பழ மஞ்சள்தான் முதலில் தீரும், ஏனென்றால் சித்திரைத் தொடக்கமும், ஆடியும், ஆவணியும் பெரும்பாலும் அந்த நிறத்தில்தான் கிடக்கும். நீலமும் அரக்கும் 15 செ.மீ. போதும், 36 நாடா.

கத்தரிக்கோல் விளிம்பில் ஒரு வெட்டுக் கொடுப்பதற்கு மட்டும். அதன்பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் பருத்தித் துணி நூல் பிடித்து நேராகக் கிழியும். சர்ரென்ற அந்தச் சத்தத்துக்காகவே பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்காருவார்கள், வெட்டுக் கொடுப்பதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். கிழித்ததை நிறவாரியாக ஐஸ்கிரீம் டப்பாக்களில் போட்டு, மூடியில் வெப்பநிலையை எழுதிவிடுங்கள். சிவப்புத் துணியை முதலில் ஒரு தடவை நனைத்துப் பாருங்கள், சாயம் போகிற துணி என்றால் மழைக்காலத்து ஈரக்கை பட்டே பக்கத்து நாடாவைக் கறையாக்கும்.

கட்டும் முடிச்சு

கயிறு சணல்தான் நல்லது, கொஞ்சம் சொரசொரப்பாக இருப்பதால் நாடா வழுக்காது. மாதத்துக்கு 60 செ.மீ. வெட்டி, கீழ்நுனியில் ஒரு பெரிய முடிச்சுப் போட்டு, மேல்நுனியைக் கழியில் கட்டுங்கள். மாதத்தின் முதல் நாள் அடியில், அந்த முடிச்சின் மேல் உட்காரும். மாடி வீடு கட்டுவதுபோல ஒவ்வொரு நாளாக மேலே ஏறும்.

நாடாவை இரண்டாக மடியுங்கள். மடிந்த வளைவைக் கயிற்றுக்குப் பின்னால் வைத்து, இரண்டு நுனியையும் முன்பக்கமாகக் கொண்டுவந்து அந்த வளைவுக்குள் நுழைத்து இழுத்துவிடுங்கள். செல்போனுக்கு, சாவிக்கு நாடா மாட்டுவோமே, அதே முடிச்சு. ஒரு முடிச்சு ஒரு செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக இடம் பிடிக்கும், 32 நாளும் 40 செ.மீ.க்குள் முடிந்துவிடும். நாலு வயதுக் குழந்தைக்குக்கூட ஒரு வாரத்தில் கை வந்துவிடும். கழியை வெயில் நேராக விழாத சுவரில் மாட்டுங்கள், இல்லாவிட்டால் சித்திரையின் சிவப்பு மார்கழிக்குள் ரோஜா நிறமாகிவிடும்.

மழைக்கு வெள்ளி ரிப்பன்

மழைமானிக்கு பாட்டிலை வெட்டுவது, புனல் கவிழ்ப்பது எல்லாம் எல்லோரும் சொல்வது. எனக்கு அதில் பொறுமை இல்லை, பாட்டிலின் அடி மேடும் பள்ளமுமாக இருப்பதால் சின்ன மழைக்குக் கணக்கும் தவறும். அடி தட்டையாக, சுவர் நேராக இருக்கும் உயரமான எவர்சில்வர் டப்பா ஒன்று போதும். டம்ளர் கூடாது, அது மேலே விரிந்து கீழே குறுகியிருக்கும். மொட்டை மாடியில், கைப்பிடிச் சுவரிலிருந்தும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் அவற்றின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது தள்ளி, மூன்று செங்கல்லுக்கு நடுவில் நிறுத்துங்கள். காலையில் ஸ்டீல் ஸ்கேலை நேராக இறக்கி, ஈரம் எதுவரை என்று பாருங்கள். சில ஸ்கேல்களில் பூஜ்யம் நுனியில் இல்லாமல் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும், அதைக் கவனியுங்கள்.

டப்பா அகலமா குறுகலா என்று கவலை வேண்டாம், சுவர் நேராக இருந்தால் மில்லிமீட்டர் மாறாது. இதை நம்பாத பிள்ளைக்கு இரண்டு அளவு டப்பாவை அருகருகே வைத்துக் காட்டுங்கள். 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். 600 சதுர அடி மாடியில் 10 மி.மீ. பெய்தால் ஏறக்குறைய 560 லிட்டர், 15 லிட்டர் குடத்தில் 37 குடம். "நம்ம மாடியிலயா?" என்று கேட்டுவிட்டு என் பையன் மழைநீர்க் குழாய் எங்கே போகிறது என்று பார்க்கக் கீழே ஓடினான்.

ரிப்பன் கணக்கு வானிலைத் துறையின் வகைப்பாட்டையே பின்பற்றும். 2.5 மி.மீ.க்குக் கீழே ரிப்பன் இல்லை, துறையும் அதை மழை நாள் என்று எண்ணுவதில்லை. 15.5 வரை ஒன்று, 64.4 வரை இரண்டு, கனமழை எனப்படும் 115.5 வரை மூன்று, மிகக் கனமழை எனப்படும் 204.4 வரை நாலு, அதற்கும் மேலே அதிகனமழை, ஐந்து ரிப்பன். ஃபேன்சி ஸ்டோரில் பரிசுப் பொட்டலம் கட்டும் ரிப்பன் ஒரு சுருள் வாங்கினால் வருடத்துக்கும் வரும். அந்த நாளின் நாடா நுனியிலேயே கட்டிவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. டப்பாவைத் தினமும் காலி செய்து கவிழ்த்துத் துடைத்து வையுங்கள், டெங்குக் கொசுவுக்கு இந்த அளவு நல்ல தண்ணீர் தாராளம். இன்னொன்று, எங்கள் டப்பா 12 செ.மீ. உயரம்தான், கார்த்திகையில் ஒரு ராத்திரி அது நிரம்பி வழிந்துவிட்டது, எவ்வளவு வழிந்தது என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு மீனம்பாக்கக் கணக்கை வாங்கித்தான் கட்டினோம். 20 செ.மீ. உயரமாவது இருக்கட்டும்.

காலை ஐந்து நிமிடம்

எங்கள் வீட்டில் இது நிலைத்தது காலண்டரால். காலையில் நேற்றைய தாளைக் கிழிப்பது பெண்ணின் வேலை. மாடிக்குப் போய் டப்பாவைப் பார்த்து வருவது பையன். நேற்றைய அதிகபட்ச வெப்பநிலையைச் சொல்வது நான். கிழித்த தாளின் பின்பக்கத்தில் இரண்டு எண்ணையும் எழுதி, நாடா எடுத்துக் கட்டி, தாளை ஒரு கிளிப்பில் செருகினால் முடிந்தது. அன்றன்றைக்கே கட்ட முயன்றால் ராத்திரி தூக்கக் கலக்கத்தில் மறந்துபோகும், மழைக் கணக்கும் பாதியில் நிற்கும். வானிலைத் துறையும் மழையைக் காலை 8.30-க்கு, அதற்கு முந்தைய 24 மணி நேரத்துக்குத்தான் கணக்கிடுகிறது. பள்ளி வேன் அதற்கு முன்பே வந்துவிடும் என்பதால் நாங்கள் 7 மணிக்குப் பார்க்கிறோம். நேரம் எதுவானாலும் தினமும் அதுவாகவே இருந்தால் சரி. ஒரு விஷயம்: 8.30-க்கு அளந்ததைத் துறை அந்தக் காலையின் தேதியில்தான் போடும், நாம் முந்தைய நாளின் நாடாவில் கட்டுகிறோம், ஒப்பிடும்போது ஒரு நாள் தள்ளிப் பாருங்கள்.

ஊருக்குப் போய்விட்டால்? வெப்பநிலையைத் திரும்பி வந்து நாளிதழில் பார்த்துக் கட்டலாம். மழை தெரியாவிட்டால் ஊகித்துக் கட்ட வேண்டாம், அந்த நாடாவில் ஒரு துண்டு வெள்ளை நூல் கட்டி "தெரியாது" என்று விடுங்கள். எங்கள் கயிற்றில் தை மாதம் நாலு வெள்ளை நூல் இருக்கிறது, பொங்கலுக்குத் திருநெல்வேலி போனது.

கயிறு காட்டுவது என்ன

இதற்குப் பிறகு நீங்கள் எதுவும் சொல்லித் தர வேண்டியதில்லை, கேள்விகள் வரும். விடை தெரிந்திருந்தால் போதும்.

முதலில் வருவது: "மழை பெஞ்சிருக்கு, அப்புறம் ஏன் சிவப்பு?" கோடை மழை பெரும்பாலும் சாயங்காலம் இடியோடு வரும், அதற்குள் அன்றைய உச்ச வெப்பம் மதியமே வந்து போயிருக்கும். அதனால் சிவப்பு நாடாவில் வெள்ளி ரிப்பன். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பகல் முழுக்க மூடிக்கொண்டு பெய்யும், வெயில் ஏறவே வழியில்லை, அப்போது நீலத்தில் வெள்ளி. ஒரே மழை, இரண்டு நிறத்தில். எங்கள் கயிற்றில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

இன்னொன்று, ஆரஞ்சு நாட்களுக்கு நடுவே திடீரென்று ஓர் அரக்கு. காரணம் கடற்காற்று. நிலம் சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாக. நிலத்தின் மேல் சூடான காற்று எழும்ப, கடல் பக்கமிருந்து குளிர்ந்த காற்று மதியவாக்கில் உள்ளே வந்து ஏறுகிற வெப்பநிலையை நிறுத்தும். மேற்குக் காற்று பலமாக இருக்கும் நாளில் அது தாமதமாகும், வெப்பநிலையும் ஏறிக்கொண்டே போகும். லீவு நாளில் பிள்ளைகளைக் கொடியில் காயும் துணியைப் பார்க்கச் சொல்லுங்கள்: துணி எந்தப் பக்கம் பறக்கிறது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று. மறுநாள் நாடாவின் நிறத்தை அவர்களே முன்கூட்டிச் சொல்வார்கள், பாதி சரியாகவும் இருக்கும்.

அக்னி நட்சத்திரம் பெரும்பாலும் மே 4 முதல் 28 வரை. அது முடிந்தால் வெயில் முடிந்தது என்று என் அம்மா இன்றும் சொல்வார். கயிறு ஒத்துக்கொள்ளாது, சென்னையில் வைகாசிக் கடைசி வரை சிவப்பு தொங்கும். சென்னையின் உச்ச வெப்பநிலையாகச் சொல்லப்படும் 45 டிகிரி பதிவானது 2003 மே 31-இல், அக்னி போன பிறகுதான். ஆனி, ஆடியில் கேரளத்தில் கொட்டுகிறதே, நமக்கு ஏன் ஆரஞ்சும் மஞ்சளும் என்று கேட்டால் வரைபடத்தை விரித்து மேற்குத் தொடர்ச்சி மலையைக் காட்டுங்கள், ஈரத்தில் பெரும்பங்கை அந்தப் பக்கமே பிழிந்துவிட்டு வருகிற காற்று நமக்கு.

ஒரு குழப்பம் மட்டும் முன்னாலேயே தீர்த்துவிடுங்கள். டிவியில் "ரெட் அலர்ட்" என்று வந்த நாளின் நாடாவுக்கு என் பெண் சிவப்பை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அந்தச் சிவப்பு வரப்போகும் கனமழைக்கான எச்சரிக்கை, நம் சிவப்பு முடிந்துபோன வெயில். மறுநாள் அவள் கட்டியது எம்.எஸ். நீலம், நாலு ரிப்பனோடு.

பத்து வயதுக்கு மேல் இருந்தால் பழமொழிகளை எடுத்துக் கொடுங்கள். "ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை" என்பதற்கு இரண்டு கயிற்றின் ரிப்பன்களையும் எண்ண வேண்டும்: எத்தனை நாள் பெய்தது, மூன்று ரிப்பனோ அதற்கு மேலோ எத்தனை நாள் என்று தனித்தனியாக. அடைமழை என்பது நாள் கணக்கு, கனமழை என்பது அளவுக் கணக்கு என்று எண்ணும்போதுதான் எனக்கே உறைத்தது. தட்டான் தாழப் பறந்த நாள், ஈசல் வந்த நாள் எல்லாவற்றையும் காலண்டர் தாளின் பின்னால் குறித்து வைத்தால், மறுநாள் ரிப்பன் வந்ததா என்று பார்க்கலாம். எங்கள் கணக்கில் ஈசல் நன்றாகவே தேறியது, தட்டான் சுமார்தான்.

வருடம் முடிந்ததும் கழியைக் கழற்றாதீர்கள். அடுத்த வருடக் கழியை அதற்குக் கீழேயே, சித்திரைக்கு நேராகச் சித்திரை வரும்படி மாட்டுங்கள். காலண்டர் தாள் கட்டை ரப்பர் பேண்டு போட்டு எடுத்து வையுங்கள், நாடா அவிழ்ந்தால் திரும்பக் கட்ட அதுதான் ஆதாரம். எங்கள் வீட்டில் பூனை வந்த பிறகு ஆவணியை இரண்டு தடவை கட்டியாயிற்று.